பெட்டியம்மா திருப்பி வைத்த முட்டைகள்

பெட்டியம்மா என்ற பெயரைக் கேட்டு, பெட்டி நிறைய நகை வைத்திருக்கிறவள் போலிருக்கிறது என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனி ஒன்றில் முட்டைப்பெட்டி பார்த்தவள், அவ்வளவுதான். பெட்டி என்பது அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் ஓர் இரும்பு அறை. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறைய முட்டைகள். கதவைத் திறந்தால் குப்பென்று வெக்கை முகத்தில் அடிக்கும். அந்தக் கதவுக்கு முன்னால்தான் அவளுடைய வாலிபம் போயிற்று, புருஷன் போன துக்கம் போயிற்று, மகளைப் படிக்கவைத்த கஷ்டமும் போயிற்று. கடைசியில் முழங்காலும் போனது.

அந்த வேலையில் வேதவாக்கு ஒன்றுதான்: முட்டையைத் திருப்ப வேண்டும். அடைகாக்கிற கோழி சும்மா உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது எங்கே சும்மா உட்கார்ந்தது? அலகால் முட்டையைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் உள்ளே இருக்கிற உயிர் ஓட்டின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். பழைய பெட்டிகளில் வெளியே ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் உள்ளே தட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும், அடுத்த முறை மறுபக்கம். பிறகு தானாகவே சாய்க்கிற பெட்டி வந்தது. வந்து என்ன செய்ய? மின்சாரம் போனால் அதுவும் வெறும் அலமாரிதான், பெட்டியம்மாதான் கையால் புரட்ட வேண்டும். காய்ச்சலோடு வந்து புரட்டியிருக்கிறாள். மகளைப் பெற்ற வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்து கைப்பிடியை இழுத்தாள் என்றுகூடச் சொல்வார்கள். இது கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் அவள் ஒரு நாளும் அதை மறுத்ததில்லை.

வேலையை விட்டபின் மகள் வந்து, "தனியா எதுக்கும்மா கெடக்கற? எங்ககூட வந்து இரு" என்று கூட்டிக்கொண்டு போனாள். மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மருமகன் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் மாடியில் வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. சின்ன அறையைப் பெட்டியம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். புதுத் தலையணை வாங்கிப் போட்டார்கள். குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

ஆனால் பெட்டியம்மாவுக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. ஒரு டம்ளரைக் கழுவப் போனால், "வைங்க அத்தை, அவ வந்து கழுவுவா" என்பார் மருமகன். துணி மடிக்க உட்கார்ந்தால், "எதுக்கு அத்தை, உங்களுக்கு முழங்கால் வலி, நீங்க உக்காருங்க" என்பார். உக்காருங்க, உக்காருங்க, எப்போது பார்த்தாலும் உக்காருங்க. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவள் வந்து மாதக்கணக்காகியும் உபசாரம் குறையவில்லை. உபசாரம் நடக்கிற வரைக்கும் தான் விருந்தாளிதான் என்பது அவளுக்குத் தெரியாதா? இந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் உண்டா, அல்லது சோபாவில் ஓர் ஓரம் மட்டும்தானா என்பதை நினைத்துப் பயந்தாள். பயந்தாள் என்பதுதான் சரியான வார்த்தை.

போதாக்குறைக்கு மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் நேருக்கு நேர் பேச்சு கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, எல்லாம் மரியாதைதான். அவர் ஒரு வார்த்தை மரியாதையாகச் சொல்வார், இவள் ஒரு வார்த்தை மரியாதையாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அதற்கு மேல் போனால் நடுவில் மகள் வேண்டும். கூடத்தில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைக்கு, "டிவி சத்தம் அவங்களுக்குப் போதுமான்னு கேளுடி" என்று சமையலறையில் இருக்கிற மகளுக்குக் குரல் கொடுப்பாள். "போதும்னு சொல்லு" என்று அவரும் சமையலறைக்கே பதில் அனுப்புவார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?" என்று மகள் கரண்டியோடு வந்து நிற்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மறுநாளும் அதே கதைதான்.

இந்த மாப்பிள்ளைக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அரணை வளர்த்தார்.

நாய் வளர்க்கிறவர் உண்டு, கிளி வளர்க்கிறவர் உண்டு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற கதை ஊருக்கே தெரியும், அதுவும் ஏதோ தெரியாத்தனமாக நடந்தது. இவர் தெரிந்தே ஓணானுக்கும் ஒருபடி மேலே போய் அரணையைக் கொண்டுவந்து கூடத்தில் குடிவைத்திருந்தார். அரணை கடித்தால் மரணம் என்று சொல்லித்தான் எல்லோரும் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். கடித்துச் செத்த ஆளை மட்டும் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. கடிக்க வரும்போதே, எதற்கு வந்தோம் என்று அதற்கு மறந்துபோய்விடும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்.

முதல் அரணை லிஃப்ட் குழியில் கிடைத்ததாம். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் இறங்கினால், கிரீஸில் புரண்டு, வால் அறுந்து, ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த டப்பாவை மகள் அன்றைக்கே குப்பையில் போட்டாள். வால் முளைத்தது, ஆனால் அரைகுறையாக முளைத்தது. அதனால் அதற்கு மொட்டை என்று பெயர். அதே கிறுக்குப் பிடித்த இன்னொருவரிடமிருந்து பெண் அரணை ஒன்றும் வந்து சேர்ந்தது. அது பெரியவள்.

கூடத்துச் சுவரோரமாக, படுக்கவைத்த பீரோ அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. மாப்பிள்ளையே செய்தது. அடியில் கூழாங்கல், அதன்மேல் நைலான் வலை, அதற்கும் மேலே மணலும் மண்ணும் கலந்து ஒரு முழங்கை ஆழம். மண்ணின்மேல் சருகு. ஒரு பக்கம் உளுத்த மரக்கட்டை, தட்டையான மரப்பட்டைகள், கல் இடுக்கில் பெரணிச் செடி, கட்டையெல்லாம் பச்சைப் பாசி. வலது மூலையில் மேலே ஒரு விளக்கு. அந்த மூலை மட்டும் வெயில் மாதிரி சுடும், இடது மூலை ஈரமாகக் குளிர்ந்திருக்கும். அரணைக்கு வெயில் வேண்டுமென்றால் இங்கே வரும், நிழல் வேண்டுமென்றால் அங்கே போகும். கூண்டை அவர் கழுவுவதே கிடையாது. மண்ணில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத வெள்ளைப் பூச்சிகளை விட்டிருந்தார். எச்சத்தையும் செத்த சருகையும் அவையே தின்றுவிடும்.

இதுதான் பெட்டியம்மாவுக்கு முதலில் ஆகவில்லை. கம்பெனியில் காலைக் கழுவாமல் உள்ளே நுழைந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். இங்கே என்னடாவென்றால் நடுக்கூடத்தில் ஒரு வண்டி மண், அதில் பூச்சி, அந்தப் பூச்சிக்குக் காவல் இரண்டு அரணை.

"ஏண்டி, ஒரு பினாயில் போட்டாவது தொடைக்கச் சொல்லேன்" என்று மகளிடம் சொன்னாள்.

"நானே அந்தப் பக்கம் திரும்பறதில்ல. எனக்கு எதுக்கும்மா வம்பு?" என்றாள் மகள்.

அது உண்மைதான். கூண்டு இருக்கிற பக்கம் வந்தால் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடப்பாள்.

பகலெல்லாம் வீட்டில் பெட்டியம்மா மட்டும். டிவியில் அழுகிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போனபின் கண் தானாகவே கூண்டுப் பக்கம் போயிற்று. முதலில் தூரத்தில் இருந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். காலையில் விளக்கு எரிந்ததும் மொட்டைதான் முதலில் தலையை நீட்டும். அதன் உடம்பு எண்ணெய் தேய்த்துவிட்டாற்போல் மினுங்கும். பெரியவள் ஆற அமர, சருகு சலசலக்க வெளியே வந்து, மரப்பட்டைமேல் வயிற்றை ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். மொட்டை அவள்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போவான். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வாள். "மிதிக்கட்டும் விடு, ஆம்பள புத்தி" என்று பெட்டியம்மா வாய்விட்டே சொன்னாள். வீட்டில் யாரும் இல்லாததால் அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்தில் நாலைந்து லிஃப்ட் மாட்டுகிற வேலை மாப்பிள்ளைக்கு வந்தது. போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். கிளம்புகிற அன்று காலை அவர் பெட்டியம்மாவின் அறை வாசலில் வந்து நின்றார். நடுவில் மகள் இல்லை.

"அத்தை, ஒரு உதவி. இவ அந்தக் கூண்டுகிட்டயே போகமாட்டா. நீங்கதான் பாத்துக்கணும்."

பெட்டியம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்தே சொன்னாள்.

அவர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இடது பக்கம் காலையில் தண்ணீர் பீச்ச வேண்டும், வலது பக்கம் கூடாது. டப்பாவில் இருக்கிற கரப்பான்பூச்சியை ஒன்றுவிட்டு ஒருநாள் இடுக்கியால் பிடித்துக் காட்ட வேண்டும். மண்புழு வாரத்துக்கு ஒரு முறை போதும். கண்ணாடியைப் பூட்ட மறக்கக் கூடாது. கரப்பான்பூச்சிக்கு அஞ்சுகிற ஆளா பெட்டியம்மா? கேட்ட பாடத்தை அப்படியே ஒப்பித்துக் காட்டினாள். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, ஜன்னலில் நின்று தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அடுத்த வாரம் பெரியவள் சாப்பிட வரவில்லை. உளுத்த கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பட்டைக்கு அடியிலேயே கிடந்தாள். பெட்டியம்மா மெதுவாகப் பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஈர மண்ணில் குழி பறித்து, வெள்ளை வெளேரென்று முட்டைகள். சுண்டுவிரல் நுனி அளவுதான் ஒவ்வொன்றும். பெட்டியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆயுள் முழுக்க முட்டை பார்த்தவளைத் தேடிக்கொண்டு மூன்றாம் மாடிக்கே முட்டை வந்துவிட்டது.

விஷயத்தை மகளிடம் சொல்லவில்லை. விளக்கில் பார்த்து உயிர் நிச்சயமாகிற வரைக்கும் முட்டையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது கம்பெனிப் பழக்கம். நாலு நாள் கழித்து போன் வெளிச்சத்தை ஒரு முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள். ரோஸ் நிறத்தில் நூல் நூலாக ரத்த நரம்பு ஓடியிருந்தது. எத்தனை ஆயிரம் முட்டையில் அதைப் பார்த்திருப்பாள்! இருந்தாலும் கண் நிறைந்துவிட்டது. இனிமேல் மாப்பிள்ளை வந்தபிறகு அவருக்கே நேரில் காட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். தினமும் அவர் மகளுக்குப் போன் செய்தார். "அத்தைகிட்ட கேளு, அரணை எப்படி இருக்குன்னு" என்பார். "எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொல்லு" என்று பெட்டியம்மா சொல்லி அனுப்புவாள்.

முட்டை இருக்கிறது என்றால் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறதே. மின்சாரம் போன நாட்களில் கையால் திருப்புவதற்குக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் ஒரு வட்டம். காலையில் குறி மேலே, சாயந்திரம் வட்டம் மேலே. இப்படிச் செய்தால் எந்த முட்டையும் திருப்பாமல் விட்டுப்போகாது. பெட்டியம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மகளுடைய மேசையில் இருந்து ஒரு மெல்லிய பென்சில் எடுத்துக்கொண்டாள். ஓடு கோழிமுட்டை மாதிரி கெட்டியாக இல்லாமல் தோல் மாதிரி இருந்ததால் அழுத்தாமல், பூப்போலக் குறி போட்டாள். பெரியவள் ஒரு ஓரமாக நகர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு ஒண்ணும் தெரியலடி, சின்னப் பொண்ணு. நான் பாத்துக்கறேன்" என்று அவளுக்கும் தைரியம் சொன்னாள். காலையும் சாயந்திரமும் ஒரு வேளை தவறாமல் திருப்பி வைத்தாள்.

மாப்பிள்ளை ஒரு மத்தியானம் திரும்பி வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கூண்டுக்குத்தான் போனார். பெட்டியம்மா பின்னாலேயே போனாள்.

"மாப்பிள்ளை, அந்தப் பட்டையத் தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! வாயைத் திறந்தவர் மூடவில்லை. முதலில் முட்டைகளைப் பார்த்தார், பிறகு அதன்மேல் இருந்த பென்சில் குறிகளைப் பார்த்தார்.

"அத்தை! மேல் பக்கத்துல அடையாளம் போட்டு வச்சிருக்கீங்களா! இதெல்லாம் யாரு உங்களுக்குச் சொன்னா? நாங்களே இப்படித்தான் போடுவோம்!"

"யாரு சொல்லணும்? எங்க கம்பெனி முறைதான் மாப்பிள்ளை" என்றாள் பெட்டியம்மா. பெருமை தாங்கவில்லை. "இதோ பாருங்க" என்று கையைவிட்டு ஒரு முட்டையை எடுத்து லாவகமாகப் புரட்டினாள். அடியில் இருந்த வட்டம் மேலே வந்தது. "காலையில குறி மேல, சாயந்திரம் வட்டம் மேல. நீங்க வர்ற வரைக்கும் ஒரு வேளை தப்பல."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டையை எடுத்து மெதுவாக மூடினார்.

"ரொம்ப அக்கறையாப் பாத்திருக்கீங்க அத்தை" என்றார். "குளிச்சிட்டு வந்துடறேன்."

பிரயாணக் களைப்பு என்று பெட்டியம்மா நினைத்தாள். அன்று சாயந்திரமும் திருப்பினாள், மறுநாள் காலையும் திருப்பினாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் அவள் போகப்போகக் கவனித்தாள். மாப்பிள்ளை கூண்டுக்குப் பக்கத்தில் வருவார், மொட்டைக்குப் பூச்சி காட்டுவார், செடிக்குத் தண்ணீர் பீச்சுவார். அந்தப் பட்டையை மட்டும் தூக்கிப் பார்க்கவே மாட்டார். வீட்டில் குஞ்சு பொரிக்கப்போகிறது, வளர்க்கிறவன் எட்டிக்கூடப் பார்க்காமல் இருப்பானா?

ஒரு நாள் காலை, இரண்டு பேரும் வேலைக்குப் போனபின், பெட்டியம்மா போன் வெளிச்சத்தை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் முட்டையில் ரோஸ் நிறம் இல்லை, நூல் நூலான நரம்பும் இல்லை. கலங்கலாக ஒரு மஞ்சள், அவ்வளவுதான். இரண்டாவதும் அப்படியே. ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தது, ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தாள். செத்த முட்டையை அவளுக்கு யாரும் அடையாளம் காட்டத் தேவையில்லை. ஒன்றுகூட மிச்சமில்லை.

வெக்கை போதவில்லையோ, தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் மருந்துக்கடைக்கே போன் போட்டாள்.

"ஏண்டி, அந்த முட்டை எல்லாம் செத்துப்போச்சு. உன் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

அந்தப் பக்கம் மகள் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, நீ வருத்தப்படக் கூடாது. கோழி முட்டையத்தான் திருப்பணுமாம். அரணை, ஆமை இதுங்க முட்டையெல்லாம் விட்ட இடத்துல விட்டபடி இருக்கணுமாம். உள்ள ஒட்டிக்கிட்டாதான் உயிராம், திருப்பினா அறுந்துடுமாம். அந்தக் குறியக்கூட, தப்பித்தவறி புரண்டுடக் கூடாதுன்னுதான் போடுவாங்களாம்."

"அவருக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்மா. அத்தை ஆசையாப் பண்ணியிருக்காங்க, சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவாங்க, நீயும் சொல்லாதன்னார். நல்ல மனுஷன்மா அவரு."

பெட்டியம்மா போனை வைத்துவிட்டாள். கோழிக்கு ஒட்டினால் சாவு, அரணைக்கு ஒட்டினால்தான் உயிர். கடவுள் இப்படி ஒரு கோணல் வேலையைச் செய்துவைத்திருப்பார் என்று யார் கண்டது! தன் கையாலேயே அத்தனையையும் கொன்றுவிட்டோம் என்று உட்கார்ந்து அழுதாள். பெரியவள் அந்தப் பட்டைப் பக்கமே இப்போது போவதில்லை, விளக்கடியில் படுத்துக்கிடந்தாள்.

ஆனால் அழுது முடித்தபின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது வேறொன்று. கம்பெனியில் அவள் வாங்காத திட்டா? ஒரு தடவை கதவைச் சரியாக மூடாமல் விட்டதற்கு மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசினார். அவளும் திருப்பிப் பேசினாள். சாயந்திரம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே யாருமே திட்டாத ஒரு ஜாதி உண்டு. கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள். தட்டில் கையை வைப்பார்கள், முட்டையை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு, "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்பார்கள். பெட்டியம்மாவும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஏறிய கார் தெருவைத் தாண்டியதும் கம்பெனி ஆட்கள் என்ன பேசுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை தன்னை அந்தப் பெரிய மனிதர்களோடு சேர்த்துவிட்டார் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. செத்த முட்டையைத் தினமும் திருப்ப விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்! எவ்வளவு தூரத்தில் தன்னை வைத்திருந்தால் அப்படி நிற்க முடியும்?

சாயந்திரம் மாப்பிள்ளைதான் முதலில் வந்தார். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார், பெட்டியம்மா நேரே முன்னால் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை, முட்டை எல்லாம் போச்சு."

"ஆமா அத்தை."

"உங்களுக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

அவர் கழற்றாத ஷூவைப் பார்த்தார். "தெரியாமதான செஞ்சீங்க? பரவால்ல அத்தை, விடுங்க."

"அந்தப் பரவால்லைய என்கிட்ட சொல்லாதீங்க. நான் கொன்னிருக்கேன்."

"அய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம். முதல்ல நீங்க உக்காருங்க."

"உக்கார மாட்டேன்!" பெட்டியம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "உங்கம்மா இந்த வேலையப் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எங்கம்மாவா? கத்தியிருப்பேன்."

"உங்க பொண்டாட்டி பண்ணியிருந்தா?"

"வீடே ரெண்டாயிருக்கும்."

"அப்ப எனக்கு ஏன் ரெண்டாகல? நான் யாரு? உங்க வீட்டச் சுத்திப் பாக்க வந்தவளா?" அதற்குமேல் அவளால் அழாமல் பேச முடியவில்லை. "திட்டுங்க மாப்பிள்ளை. மனசுல என்ன இருக்கோ அத்தனையும் சொல்லித் திட்டுங்க. இல்லன்னா நாளைக்கே எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுவேன். சத்தியமாப் போயிடுவேன்."

திட்டச் சொன்னால் உடனே திட்டு வந்துவிடுமா? அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். ஒற்றை ஷூவோடு கூண்டு வரைக்கும் போனார், திரும்பி வந்தார்.

"கேட்டிருக்கலாம்ல அத்தை?" என்றார் முனகலாக.

"இன்னும்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!" இப்போது குரல் ஏறிவிட்டது. "தினமும் போன் பண்ணேன்ல? எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்களே, இதுவா நல்லபடியா? முட்டை விட்டுடுச்சு மாப்பிள்ளைன்னு சொல்லியிருந்தா அப்பவே தொடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்ல! எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா உங்களுக்கு? மண்ண மாத்தி, லைட்ட மாத்தி, இப்ப விடுவா அப்ப விடுவான்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. அந்தக் குறியப் பாத்ததும் எங்கத்தைய மாதிரி உண்டான்னு நெனச்சேன். அதத் திருப்பிக் காட்டினீங்க பாருங்க, அப்படியே கண்ணாடியில முட்டிக்கலாம் போல இருந்துச்சு! எல்லாம் தெரிஞ்ச மாதிரி எதுக்கு எடுத்த உடனே கைய வைக்கறீங்க?"

ஒவ்வொரு வார்த்தையும் சுளீரென்று விழுந்தது. பெட்டியம்மாவுக்கு வலித்தது, நிஜமாகவே வலித்தது. கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதோடு கூடவே, இத்தனை மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு நெஞ்சில் தாராளமாக இறங்கவும் செய்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு சும்மா போகிற ஆளா அவள்?

"எல்லாம் தெரிஞ்ச மாதிரியா? முட்டைன்னா திருப்பணும், அதத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஆயுசு பூரா அந்த ஒரு வேலைதான பாத்தேன்! நீங்கதான் சொல்லிட்டுப் போயிருக்கணும். இந்தப் பக்கம் தண்ணி அடி, அந்தப் பக்கம் அடிக்காத, பூட்ட மறக்காதன்னு அவ்வளவு சொன்னீங்களே, முட்டை விட்டா தொடாதீங்கன்னு சொல்ல வாய் வலிச்சுதா?"

"அது முட்டை விடும்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்?"

"ஜோசியம் எதுக்கு? வயிறு ஊதிக் கெடந்தது எனக்கே தெரிஞ்சுது. பெரிசா வளக்கறாராம் அரணை!"

"எனக்கு வளக்கத் தெரியாதா? எனக்கா?"

கதவு திறந்தது. மகள் கைப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். புருஷன் ஒற்றை ஷூவோடு கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறான். தாய் முகமெல்லாம் கண்ணீராக இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். பை கீழே விழுந்தது.

"என்னங்க இது அநியாயமா இருக்கு! எங்கம்மாவப் போய் இப்படிக் கத்தறீங்க? அவங்க வயசு என்ன..."

பெட்டியம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீ உள்ள போடி. எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ யாரு நடுவுல?" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. வயிறு ஊதினது உங்களுக்கு ஏன் தெரியல?" என்றாள்.